இரும்பு இல்ல, போங்க

ஒருங்கிணைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் ஆறுதல் செய்தி. குவாண்டம் இயற்பியல் புரியவில்லையே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் கடைசி வரை புரியவில்லை. என் பணி ஓய்வு விழாவில் பேசிய விஞ்ஞானிகள் எல்லாரும், "இவர் எங்கள் வேலையில் ஒருநாளும் தலையிட்டதில்லை" என்று மனதாரப் பாராட்டினார்கள். தலையிட வேண்டுமென்றால் கொஞ்சமாவது புரிய வேண்டுமே.

நான் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த அதிகாரி, பெயர் வேண்டாம், முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "நாலு நாட்டு ராணுவ விஞ்ஞானிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒருவரையொருவர் நம்ப மாட்டார்கள். எதுவும் தெரியாத ஒருவனை மட்டும் எல்லாரும் நம்புவார்கள். அந்த ஒருவன் நீ." அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டார். அவரிடம் நான் கற்றது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே முழு உத்தியோகத்தையும் ஓட்டிவிட்டேன்.

எந்தக் கோப்பை யாருக்கு அனுப்புவது, எந்தத் தூதரகத்துக்கு எத்தனை பிரதி என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எந்தத் தப்பும் செய்யாத மெர்லின் என்ற பெண் விஞ்ஞானியின் பெயர் உலகம் முழுக்கக் கெட்டுப்போக இருந்ததும், கெடாமல் போனதும்.

இதில் வரும் நாடுகளின் பெயரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் அனுமதி இல்லை. சொன்னால் ஓய்வூதியத்தில் கைவைத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தபோது யார் எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ, அதை வைத்தே சொல்கிறேன். ஒன்று புரோட்டா நாடு. ஒன்று சாத்தூர்ச் சேவு நாடு. இன்னொன்று பால்கோவா நாடு. நான்காவது, அவர்கள் சாப்பிட்ட பில்களில் கையெழுத்துப் போட்ட நாடு, அதாவது நாம்.

நாங்கள் சேர்ந்து செய்துகொண்டிருந்தது ஒரு குவாண்டம் காந்தமானி. தீப்பெட்டி அளவுக் கண்ணாடிக் குப்பிக்குள் கொஞ்சம் அணு ஆவி, அதன்மேல் லேசர் ஒளி. பூமியின் காந்தப்புலம் இம்மியளவு மாறினாலும் அந்த அணுக்களுக்குத் தெரிந்துவிடும், திரையில் ஓடும் கோடு துள்ளும். எதிரி செயற்கைக்கோள் சிக்னலை அடைத்துவிட்டாலும் நம் விமானம் காந்தப்புலத்தைப் படித்தே வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்பது திட்டம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வைத்தபோது அது மாடிக்கு லிஃப்ட் ஏறி இறங்குவதை மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாராவது பீரோவைத் திறந்தால் அதையும் சொல்லும்.

ஆகவே இரும்பு இல்லாத, மின்கம்பி இல்லாத, செல்போன் இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. சேவு நாடு தன் பாலைவனத்தைத் தர முன்வந்தது. அங்கே கால்வைக்க மாட்டோம் என்றது புரோட்டா நாடு. புரோட்டா நாடு ஒரு தீவைச் சொன்னது. அந்தத் தீவு உங்களுடையதுதானா என்பதிலேயே எங்களுக்குச் சந்தேகம் என்றது பால்கோவா நாடு. மாதக்கணக்கில் இப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "எங்கள் ஊரில் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கின்றன" என்றேன். கூட்டம் சிரித்தது. உலகத்திலேயே நுட்பமான கருவியை வெடிமருந்துக்கு நடுவில் வைக்கச் சொல்கிறாரே என்று பக்கத்தில் இருந்தவர் என் தண்ணீர்க் குவளையை முகர்ந்து பார்த்தார்.

நான் பொறுமையாக விளக்கினேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது. ஒரு பொறி பறந்தால் ஆள் மிஞ்ச மாட்டான். கரண்டி, சுத்தியல் எல்லாம் பித்தளை அல்லது மரம். கரண்ட் கிடையாது. செல்போன் வாசலோடு நின்றுவிடும். ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே வெட்டவெளி. அங்கே செய்கிற பொருள்தான் ஊரைக் கூட்டும் சத்தம் போடுமே தவிர, காந்தத்தைப் பொறுத்தவரை அதைவிட அமைதியான இடம் கிடைக்காது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். என் விளக்கம் பிடித்துப்போய் அல்ல. இந்த யோசனை எந்த நாட்டுக்கும் வராத யோசனை என்பதால், அதை எதிர்த்துப் பேச யாரும் குறிப்பு தயார் செய்து வந்திருக்கவில்லை.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் மூடிக் கிடந்த ஒரு சின்னக் கம்பெனி வாடகைக்குக் கிடைத்தது. மருந்தையெல்லாம் முறைப்படி அப்புறப்படுத்தி அறைகளைக் கழுவிக் கொடுத்தார்கள். கூடவே போர்மேன் மாடசாமியும் வந்தார். அவர் இல்லாமல் சாவி கிடையாது என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

மாடசாமி ஐம்பதைத் தாண்டியவர். எப்போதோ லோடு வண்டி சாய்ந்ததில் வலதுகால் கொஞ்சம் இழுக்கும். உள்வாசலில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே போகிற யாரையும் நிறுத்தி, சட்டைப்பை, இடுப்பு, செருப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிப்போக, சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொடச் சொல்லிவிட்டு, "இரும்பு இல்ல, போங்க" என்பார். அந்த ஊர்ப் பட்டாசு வாசலில் முதலாளிக்கும் இதே சோதனைதான், யாருக்கும் சலுகை கிடையாது. எங்களுக்காக அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

சேவு நாட்டுத் தளபதி முதல் நாள் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். தன் பெல்ட்டில் அரசு முத்திரை இருக்கிறது என்றார். அதை மொழிபெயர்த்தேன்.

"முத்திரை இருக்கட்டும் சார், பக்கிள் இரும்பாச்சே" என்றார் மாடசாமி.

"பெல்ட் இல்லாமல் கால்சட்டை நிற்காது என்கிறார்."

"வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. சோலி முடிஞ்சுது."

மறுநாள் தளபதி வேட்டியில் வந்தார். அதன்பிறகு சோதனையைப் பற்றி எந்த நாடும் முறையிடவில்லை.

வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. கருவி அறைக்குள் இரண்டே பேர். கருவியை இயக்க ஒருவர், அவர் தில்லுமுல்லு செய்யாமல் பார்த்துக்கொள்ள வேறு நாட்டுக்காரர் ஒருவர். மற்றவர்கள் எல்லாரும் தள்ளி ஓர் ஓலைப் பந்தலில் உட்கார்ந்து, திரையில் கோடு ஓடுவதைப் பார்ப்போம். ஒவ்வொரு நாளும் ஒரு நாட்டின் முறை. நம் முறை வரும்போது மெர்லின் இயக்குவார், புரோட்டா நாட்டுக் கர்னல் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பார். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் 'பரஸ்பர நம்பிக்கை முறை' என்று பெயர்.

மெர்லின் சாத்தூர்ப் பெண். அம்மா விருதுநகரில் நர்ஸ். வெளிநாட்டில் படித்துவிட்டு, கூப்பிட்ட வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். கர்னல் உயரமானவர், அளந்து பேசுகிறவர். தினமும் மாடசாமியிடம் ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொள்வார். மாடசாமி தடவி முடிப்பதற்கு முன்பே கைகளை விரித்துக்கொண்டு, "இரும்பு இல்ல, போங்க" என்று அவரே சொல்லிவிடுவார். மாடசாமி அதற்குச் சிரிப்பாரே தவிர, தடவாமல் விடமாட்டார்.

மற்ற நாடுகளின் முறையில் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. மெர்லின் உட்கார்ந்த நாளில் துள்ளியது. முதல் தடவை யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் தடவை பந்தலில் பேச்சு குறைந்தது. மூன்றாம் தடவை புரோட்டா நாட்டுக் குழுத்தலைவர் எழுந்து போய்த் தன் காருக்குள் உட்கார்ந்து எங்கேயோ பேசினார்.

அடுத்த வாரம் புகார் வந்தது. இந்திய விஞ்ஞானி ஏதோ ஒரு பொருளை மறைத்து உள்ளே கொண்டுபோய்ப் பரிசோதனையைக் கெடுக்கிறார், அவரை நீக்க வேண்டும், அவருடைய பாதுகாப்பு அனுமதியையும் ரத்துசெய்ய வேண்டும் என்று. நம் தொழிலில் இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை அப்படி எழுதப்பட்டுவிட்டால், அந்தப் பெண்ணுக்கு எந்த நாட்டின் ஆய்வுக்கூடக் கதவும் திறக்காது. அதன்பிறகு கல்லூரியில் பாடம் நடத்தலாம், அதுவும் அந்தக் கல்லூரிக்கு விஷயம் தெரியாமல் இருந்தால்.

மெர்லினைக் கூப்பிட்டுப் பேசினேன். அழுவார் என்று நினைத்தேன். கொதித்துப்போய் நின்றார்.

"என்னைய எத்தன வாட்டி சார் சோதிப்பீக? தோடு, வளையல், ஊக்கு ஒண்ணும் கெடையாது. பல்லுல அடைச்ச சிமெண்ட வரைக்கும் வாயத் தொறந்து காமிச்சாச்சு. பக்கத்து நாற்காலியில ஒருத்தரு உக்காந்திருக்காரே, அவர ஏன் யாருமே பாக்க மாட்டேங்கிறீக?"

நியாயமான கேள்வி. கூட்டத்தில் மெதுவாக எழுப்பினேன். புரோட்டா நாட்டுக் குழுத்தலைவர் முகம் சிவந்துவிட்டது. தங்கள் கண்காணிப்பாளர் உடம்பில் உலோகம் எதுவும் இல்லை என்று ராணுவ மருத்துவரின் சான்றிதழை மேசையில் வைத்தார். அதோடு, கண்காணிப்பவரைக் கண்காணிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான், இடமில்லை. அந்த ஒப்பந்தத்தை வரைந்தது எங்கள் பிரிவு.

சரி, ஒரே ஒரு நாள் கண்காணிக்கும் ஆளை மாற்றி உட்காரவைத்துப் பார்ப்போம் என்றேன். அதற்கு நான்கு தலைநகரங்களின் சம்மதம் வேண்டுமாம். மூன்று சம்மதித்தன. நான்காவது, "பரிசீலனையில் உள்ளது" என்றது. எது என்று சொல்லத் தேவையில்லை.

டெல்லியிலிருந்து ஓர் உயரதிகாரி போனில் பேசினார். நல்ல மனிதர். "ஒரு பெண்ணுக்காக நாலு நாட்டு ஒப்பந்தத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அவளை விடுவித்துவிட்டு வேறு ஆளைப் போடு. இயற்பியல் படித்தவர்களுக்கா பஞ்சம்?" என்றார். வேறு ஆளைப் போட்டாலும் கர்னல் அந்த நாற்காலியில்தான் உட்காருவார், கோடு மறுபடி துள்ளும், அப்புறம் அந்தப் புது ஆளையும் நீக்குவோம் என்று சொல்ல நினைத்தேன். அப்போது எனக்கே அது சந்தேகம்தான். ஆகவே "சரி சார்" என்று மட்டும் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தாமதப்படுத்தத் தொடங்கினேன். புகார் வந்த வழி சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். சரியான வழியில் வந்ததும், இணைப்பு தெளிவாக இல்லை என்றேன். தெளிவான இணைப்பு வந்ததும், எனக்குக் காய்ச்சல் வந்தது. தாமதப்படுத்துவதுதான் நம் பிரிவின் ஒரே ஆயுதம். அதைச் சாதாரண நாட்களில் சும்மா எடுத்து வீணாக்கிவிடாதீர்கள், தேவைப்படும்போது யாரும் மதிக்க மாட்டார்கள். என் காய்ச்சலுக்கும் ஓர் எல்லை உண்டே. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு எடுத்தே ஆக வேண்டும் என்று தாக்கீது வந்துவிட்டது.

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் உள்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாடசாமி ஒரு கல்லிலும், கர்னல் இன்னொரு கல்லிலும் உட்கார்ந்திருந்தார்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது.

"வாங்க சார், சாப்பிட்டீகளா? இன்னைக்கு மழை உண்டு" என்றார் மாடசாமி.

நான் வானத்தைப் பார்த்தேன். "யார் சொன்னது?"

"கால் சொல்லுது சார். காலையிலயிருந்து அம்புட்டுக் கடுப்பு." கர்னல் பக்கம் தலையை ஆட்டினார். "அவுகளுக்கும் சொல்லுது போல. தொடையப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருக்காக. பாவம், கேட்டாச் சொல்லத் தெரியல. நானும் கடுகெண்ணெ தேய்ங்கன்னு சைகையில சொன்னேன்."

கர்னல் எங்கள் பேச்சு புரியாமல் புன்னகை செய்தார். அவருடைய இரண்டு கைகளும் இடது தொடையை அழுத்திக்கொண்டிருந்தன. சாயங்காலம் மழை பெய்தது.

அந்த மழையில் பந்தலுக்குள் ஒதுங்கி நின்றுகொண்டு யோசித்தேன். கர்னல் வயதில் இருக்கும் ஒரு போர்வீரனுடைய தொடையில் மழைக்கு முன்னால் என்ன கடுக்கும்? குண்டுச் சில்லுதான். ஆனால் புரோட்டா நாடு அவருடைய காலத்தில் எந்தப் போருக்கும் ஆள் அனுப்பியதே இல்லை. அப்படித்தான் அந்த நாடு எல்லா அரங்கிலும் சொல்லிவந்தது. அனுப்பியது என்று எல்லாருக்கும் தெரியும், அது வேறு. நடக்காத போரில் யாருக்கும் காயம்பட முடியாது. காயம்படாத காலில் சில்லு இருக்க முடியாது. அந்த மருத்துவர் பொய்ச் சான்றிதழ் கொடுக்கவில்லை, தன் நாட்டு வெளியுறவுக் கொள்கையைப் படித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். கையால் தடவிப் பார்க்கும் மாடசாமிக்கும் சதைக்குள் இருப்பது அகப்படாது. அகப்பட்டது அந்தத் தீப்பெட்டிக் குப்பிக்கு மட்டும்தான். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் நான்கு நாடுகள் சேர்ந்து அதைச் செய்தோம். கண்டுபிடித்துவிட்டது என்பது மட்டும் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. கூட்டத்தில் இதைச் சொன்னால் புரோட்டா நாடு மறுக்கும். தன்னை அவமதித்துவிட்டார்கள் என்று வெளிநடப்புச் செய்யும். தன் நாட்டுப் பெண்ணைக் காப்பாற்ற இந்திய அதிகாரி கட்டிய கதை என்று எழுதும். மெர்லின் பெயரில் ஒட்டிய கறை ஒட்டியபடியே இருக்கும். கர்னலின் கதி என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் இருந்தாலோ, திங்கட்கிழமையோடு மெர்லின் அவ்வளவுதான்.

கர்னலுக்கே இது தெரியுமா என்று கேட்பீர்கள். கோடு முதல் தடவை துள்ளியபோது தெரிந்திருக்காது. மூன்றாம் தடவை தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் மெர்லின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில், ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கர்னலைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ஓர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். எங்கள் அத்தா ஆட்டுத் தரகர். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நான் வளர்ந்த இடம் அது. இப்போதும் அங்கே பெரிய விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். விலை விரல்களுக்குள் நடக்கும். சுற்றி இருபது பேர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

கர்னல் ஒரு ஜோடிக் கைகளை வெகுநேரம் பார்த்தார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒருவர் தலையை ஆட்டினார். ஆடு கைமாறியது.

"என்ன பேசினார்கள்?" என்றார்.

"எனக்குத் தெரியாது. துண்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முறை. ஆனால் பேசி முடித்ததை இரண்டு பேரும் பிறகு மாற்ற மாட்டார்கள்."

தரகர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். "சாரு ஆடு பிடிக்கவா வந்திருக்காக?" என்று கர்னலைக் காட்டிக் கேட்டார்.

"இல்லண்ணே, சும்மா பாக்க வந்தாக."

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் துண்டுக்குள்ளல்ல வச்சிருக்கோம்."

அதைக் கர்னலுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காருக்குத் திரும்பி நடக்கும்போது மெர்லினைப் பற்றிச் சொன்னேன். எங்கே படித்தார், எதை விட்டுவிட்டு வந்தார், திங்கட்கிழமைக்குப் பிறகு என்ன ஆவார் என்று. அவருடைய அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, மகள் நாட்டுக்காகப் பெரிய வேலை செய்கிறாள் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். கடைசியாக, "கர்னல், நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை" என்றேன்.

"தெரிகிறது" என்றார்.

திங்கட்கிழமை பந்தலில் எல்லாரும் கூடினோம். மெர்லின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடவடிக்கையைத் தொடங்க நான் வாயைத் திறக்கும்போது கர்னல் எழுந்தார்.

"நான் நாளைக்கு ஊர் திரும்புகிறேன். போவதற்கு முன் கருவியை ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை. ஓட்டத்திலேயே இருக்கட்டும். மெர்லின் இங்கேயே இருக்கட்டும்."

"தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது, நெறிமுறை இருக்கிறது" என்றார் அவருடைய குழுத்தலைவர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கர்னல் உள்வாசலுக்குப் போய்விட்டார். மாடசாமி அவரை நிறுத்தி, வழக்கம்போல ஒன்று விடாமல் தடவினார். "இரும்பு இல்ல, போங்க" என்றார். கர்னல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் போனார்.

கோடு துள்ளியது.

அவர் வெளியே வந்தார். கோடு படுத்தது. வெயிலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி உள்ளே போனார். மறுபடி துள்ளியது. மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு மேலே கண்ணீர் வழிந்து இறங்கியது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க நான் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். சேவு நாட்டுத் தளபதி பந்தலின் ஓலையை ஆராய்ந்தார். பால்கோவா நாட்டுக்காரரின் பேனா கீழே விழுந்து, அது கிடைக்க வெகுநேரம் ஆனது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, புரிந்தது என்று காட்டிக்கொள்ள எவருக்கும் அதிகாரம் இல்லை.

புரோட்டா நாட்டுக் குழுத்தலைவர் தொண்டையைச் செருமினார். "புகாரை எங்கள் நாடு திரும்பப் பெறுகிறது. முழுமையாக. காரணம் குறிப்பிட வேண்டாம்" என்றார். யாரும் காரணம் கேட்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில், 'கண்காணிப்பாளர் ஒருவர் கருவியைப் பார்வையிட்டார்' என்று எழுதினேன். நான்கு நாடுகளும் ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் கையெழுத்திட்ட ஒரே குறிப்பு அதுதான்.

மெர்லின் என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார் என்று நினைக்காதீர்கள். மத்தியானமே வந்துவிட்டார்.

"உடம்புக்குள்ள இருக்கிற இத்தனூண்டு துண்ட அது கண்டுபிடிச்சிருக்கு சார். இம்புட்டு நல்ல ரிசல்ட்டு எந்த லேப்லயும் வரல. இத எழுத முடியாதா?"

"முடியாதும்மா."

"அப்ப கருவி ஒண்ணுமே செய்யலன்னா எழுதுவீக?"

"முடிவுகள் ஊக்கமளிக்கின்றன என்று எழுதுவோம்."

பல மாதம் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது, ஆகவே நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை. இன்றைக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோப்பையும் நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறாரே ஆய்வுக்கூட இயக்குநர், அவர்தான் மெர்லின். திட்டிக்கொண்டே பதில் எழுதுங்கள். அவர் அந்த நாற்காலியில் இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வேலையிலும் ஒருநாள் இப்படி வரும். உண்மை உங்கள் கையில் இருக்கும், அதை மேசையில் போட்டு உடைத்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும் என்று தோன்றும். யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர் அந்தக் கைதட்டலில் பிழைப்பாரா என்று முதலில் பாருங்கள். பிழைக்க மாட்டார் என்றால், உண்மைக்குச் சொந்தக்காரர் யாரோ அவரிடம் போய், எதுவும் கேட்காமல் திரும்பி வாருங்கள். எல்லா நேரமும் இது பலிக்காது. எனக்கு ஒரு தடவை பலித்தது, காரணம் என் சாமர்த்தியம் இல்லை, அந்த மனிதர்.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததில் ஒன்று மட்டும் குறிப்பில் ஏறவில்லை. குழுவின் அலுவல் மொழி ஆங்கிலம். வேறு மொழியில் பேசப்பட்டதைக் குறிப்பில் சேர்க்க விதி இல்லை. பந்தலில் தமிழ் தெரிந்தவர்கள் நானும் மெர்லினும்தான்.

இரண்டாம் தடவை அறையிலிருந்து வெளியே வந்த கர்னல் நேராகப் பந்தலுக்கு வரவில்லை. உள்வாசலில் மாடசாமியின் முன்னால் நின்றார். கைகளை விரித்தார். நான்கு நாடுகளும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"இரும்பு இருக்கு."

மாடசாமி ஸ்டூலில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவருடைய இடது காலைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார்" என்றார். "போங்க."

கர்னல் வந்து மெர்லினுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.